ஹேண்டில் லாக் போட்டாப் போதுமா? கோயமுத்தூர்ல குடியிருக்கறது பத்தி ஒரு சண்டை

கோபிக்காரன்:
"கோயமுத்தூர்ல வண்டியை வாசல்ல நிறுத்தி ஹேண்டில் லாக் போட்டாப் போதும், பயமில்லாம இருக்கலாம்"னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதுமே பத்திக்கிட்டு வருது. வண்டியும் கழுத்துச் செயினும் திருடு போற ஊர்ல எதுக்குங்க இருக்கோணும்? சொந்தபந்தம் சொன்னாக் கேக்கறதில்ல. ஈரோடு மாவட்டத்துல எங்க கோபியில வந்து பாருங்க, வாய்க்காலும் தோப்புமா நிம்மதி.

சிங்காநல்லூரான்:
எழுதுனது நான்தானுங்க. "ஹேண்டில் லாக்கோட பின்சக்கரத்துக்குச் செயினும் போட்டா"ன்னு எழுதினேன். பாதியை வெட்டிட்டுப் படிச்சா நான் என்ன பண்றது?

பட்டறைமணி:
ஹேண்டில் லாக்குங்கறது உள்ளே ஒரு சின்ன இரும்பு நாக்கு. ஹேண்டிலே நெம்புகோல் மாதிரி நீளமா இருக்கறதால ஓங்கி உதைச்சா முறியும். பழைய வண்டியில இம்மொபிலைசரும், அதான் சரியான சாவி இல்லாம எஞ்சினைக் கெளப்ப விடாத கருவியும், கிடையாது. அதை லாக்குன்னு சொல்லாதீங்க.

சிங்காநல்லூரான்:
அதுக்குத்தான் செயின். 10 மி.மீ. கெட்டிப்படுத்துன இரும்பு. சக்கரத்துக்குள்ளயும் சேஸுக்குள்ளயும் விட்டு, வாசல் கம்பத்தோட சேர்த்துக் கட்டோணும். சக்கரத்துக்கு மட்டும் போட்டா வண்டியைத் தூக்கி ஆட்டோவுல வெச்சுருவானுங்க. செயின் தரையில கெடக்கக் கூடாது. கட்டரோட ஒரு கையைத் தரையில ஊனி உடம்பு எடையால அமுக்கினா சுளுவா அறும். சாவித்துவாரம் கீழ பாக்கோணும், இல்லாட்டி மழைத்தண்ணி எறங்கித் துரு புடிக்கும்.

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தா திருட்டுக்குப் பைசா வராது. முழுப் பாலிசி வேணும். வண்டி போச்சுன்னா எஃப்ஐஆர் போட்டு, கம்பெனிக்கும் உடனே சொல்லோணும். ரெண்டு சாவியும் கேப்பாங்க. செல்போனுக்கு *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐங்கற போனோட அடையாள நம்பரை இன்னைக்கே எழுதி வைங்க. தொலைஞ்சா போலீஸ் புகார் நகலோட சிஇஐஆர்ங்கற அரசாங்கத் தளத்துல போனை முடக்கலாம். அந்தத் தளத்துக்கு ஓடிபி வர, அதே நம்பர்ல டூப்ளிகேட் சிம் முதல்ல வாங்கோணும், அதை விட்டுட்டுத்தான் பாதிப்பேர் முழிக்கறாங்க.

கோபிக்காரன்:
இத்தனையும் பண்ணித்தான் இருக்கோணும்னா அது ஊரா, ஜெயிலா? ஹேண்டில் லாக் போதும்னு சொன்னவரே இப்பச் செயினுக்குத் தாவிட்டார்.

சிங்காநல்லூரான்:
மறுபடியும் அதே பொய். தோட்டத்துக் கெணத்துமேட்டுல மோட்டார் ஒயரைக் காப்பருக்காக அறுத்துட்டுப் போறது எந்த ஊர்லீங்க? 2025ல உங்க ஈரோடு மாவட்டத்துச் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டுல வயசான தம்பதியக் கொன்னு நகையெடுத்துட்டுப் போனாங்களே, அது கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டுலயா நடந்துச்சு? இங்க கூப்பிட்டா நாலு வீட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்க. தோட்டத்துல அடுத்த வீடே ரெண்டு காடு தள்ளி.

கோபிக்காரன்:
செத்தவங்களை இழுத்து உங்க ஊர்ப் பெருமை பேசாதீங்க. அசிங்கமா இருக்குது.

திருப்பூர்த்தங்கம்:
செயின் பறிப்புக்குத் தனிப் பிரிவே வந்தாச்சுங்க. ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்துல 304வது பிரிவு, 2024 ஜூலை 1லிருந்து நடைமுறை. 3 வருசம் வரைக்கும் தண்டனை. எதிர்ல வர்ற வண்டியைப் பாத்த மாதிரி ரோட்டுக்கு வலப்பக்கமா நடந்தாலே பின்னாலிருந்து வர்றவனுக்கு வாய்ப்புக் கொறையும். மத்தபடி கோயமுத்தூர்க்காரங்க சிறுவாணித் தண்ணின்னு பேசற பெருமையைத்தான் தாங்க முடியல. ஊர்ல பல பக்கம் வர்றது பில்லூர் அணைத் தண்ணி.

சிங்காநல்லூரான்:
தண்ணியப் பத்தி இங்க யாருங்க பேசுனா? நொய்யல்ல சாயத்தண்ணி விட்ட ஊர்க்காரங்க எங்களுக்குத் தண்ணி பாடம் நடத்த வேண்டாம்.

திருப்பூர்த்தங்கம்:
அந்தச் சாயத்துலதான் கொங்கு நாடே சோறு தின்னுது.

பட்டறைமணி:
தண்ணியை விடுங்க. 10 மி.மீ. செயின் கல்லாட்டக் கனக்கும். தினமும் தூக்கிட்டு உக்கடம் மார்க்கெட்டுக்கு யார் போவா?

சிங்காநல்லூரான்:
செயினை எடுத்துட்டுப் போகச் சொல்லலீங்க. அது வீட்டுக் கம்பத்துலயே கெடக்கட்டும். வெளிய போனா டிஸ்க் லாக், பிரேக் டிஸ்க்குல மாட்டற சின்னப் பூட்டு. அதுலருந்து ஹேண்டிலுக்கு ஆரஞ்சு ஒயர் ஒண்ணு மாட்டிக்கோங்க, இல்லாட்டி மறந்து வண்டியக் கெளப்பி, டிஸ்கைப் புடிக்கற காலிப்பர் நசுங்கும்.

பட்டறைமணி:
டிரம் பிரேக் வண்டிக்கு டிஸ்க் லாக்கை எங்க மாட்டுவீங்க?

கோபிக்காரன்:
ஹேண்டில்லயே மாட்டச் சொல்லுவார்.

சிங்காநல்லூரான்:
டிரம் வண்டிக்குப் பின்சக்கரத்துல யு லாக், யு வடிவக் கம்பிப் பூட்டு. இதையும் பாதி வெட்டிட்டுப் படிங்க.