[கலைச்சொல்] 'டிஸ்பெர்ஸ்': குயின்ஸ்லாந்து காவல் அறிக்கைகள்

க.மா.:
கல்லூரிப் பாடத்துக்காக, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் இருந்த 'நேட்டிவ் போலீஸ்' படையின் அறிக்கைகளைத் தமிழாக்குகிறோம். வெள்ளை அதிகாரி, அவருக்குக் கீழே பழங்குடித் துருப்பினர்; பெரும்பாலும் விடியற்காலையில் பழங்குடிக் குடியிருப்பை வளைத்துத் துப்பாக்கிச் சூடு. அறிக்கையில் 'டிஸ்பெர்ஸ்ட்' (dispersed) என்ற ஒரே சொல்தான். 'கலைத்தனர்' என்றால் மாணவர்களுக்குத் தடியடி நினைவு வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.

இரா.த.:
'சுட்டனர்' என்றே போடுங்கள். இந்தப் படை பற்றிய 1861 விசாரணைக் குழு முன் அதன் அதிகாரி லெப்டினென்ட் வீலரிடம் இச்சொல்லுக்குப் பொருள் கேட்டபோது, அவர்களை நோக்கிச் சுடுவது என்றுதான் சொன்னார். அவருக்கே இல்லாத கூச்சம் நமக்கெதற்கு?

செ.வே.:
த. ஐயா, அப்படிப் போட்டால் பூசி மெழுகியதே தெரியாமல் போகும். சட்டப்படி அன்று பழங்குடியினரும் பிரிட்டிஷ் குடிகள், கொன்றால் கொலைக்குற்றம். 1838இல் நியூ சவுத் வேல்ஸின் மயால் கிரீக்கில் குறைந்தது 28 விர்ரயராய்ப் பழங்குடி மக்கள் கொல்லப்பட்ட வழக்கில், முதலில் விடுதலையான 11 பேரில் 7 பேர் மறுவிசாரணைக்குப் பின் தூக்கிலேறினர். அதைப் பார்த்தவர் 'கொன்றோம்' என்று கைப்பட எழுதுவாரா? பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல இதுவும் குழூஉக்குறி.

பொ.ந.:
குழூஉக்குறியன்று, மங்கலம். செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதில்லையா? என் பரிந்துரை 'இரித்தனர்'. இரிதல் அஞ்சி ஓடுதல், இரித்தல் ஓடச்செய்தல். சங்கப் பாட்டில் பறவைகள் இரியும். குடியேறிகளுக்கும் பழங்குடியினருக்கும் ஆடுமாடும் நீர்நிலையும் பற்றிய பூசல் ஆதலால், ஆநிரை கவரும் வெட்சித்திணையையும் ஒப்புநோக்கலாம்.

செ.வே.:
வெட்சியில் எதிரே ஆநிரையை மீட்கும் கரந்தை மறவர் நிற்பார்கள். மயால் கிரீக்கில் இறந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 'இரித்தனர்' என்றால் மெய்ப்புத் திருத்துபவர் 'எரித்தனர்' ஆக்கிவிடுவார். அங்கே உடல்களை எரித்ததும் நடந்தது. அந்தப் பிழையை யாரும் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

இரா.த.:
'சிதறடித்தனர்'?

க.மா.:
அது விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டது ஐயா, பந்துவீச்சைத்தான் சிதறடிக்கிறார்கள். எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவில் நால்வர் 'கலைத்தனர்' பக்கம். மேற்கோள்குறிக்குள் இட்டு, முதலில் வரும் இடத்தில் வீலரின் விடையை அடிக்குறிப்பாகத் தருகிறேன்.

இரா.த.:
அடிக்குறிப்பை எந்த மாணவர் படிக்கிறார்? மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பொ.ந.:
'இரித்தல்' பற்றி யாரும் சரியாக மறுக்கவில்லை. கன்னட 'இறி'யோடு உறவுண்டா என நாளை விரிவாக எழுதுகிறேன்.