பித்தளைக் குழாய் வேப்: துலக்குவதும் பராமரிப்பதும் – என் அனுபவம்

ஷார்ஜாவில் லேத் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், எங்கள் அறையில் இருந்த கடையநல்லூர்க்காரர்களும் மேலப்பாளையத்துக்காரர்களும் சிகரெட்டை விட்டுவிட்டு மெக்கானிக்கல் மோட் எனப்படும் பித்தளைக் குழாய் வேப்புக்கு, அதாவது நிகோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுக்கு, மாறியிருந்தார்கள். அமீரகத்தில் 2019 முதல் அதன் விற்பனைக்கு அனுமதி உண்டு. நம் நாட்டிலோ அதே ஆண்டு வந்த சட்டம் இறக்குமதி, விற்பனை, இருப்பு வைத்தல் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. ஆகவே ஊருக்கு வரும்போது யாரும் அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். நான் எழுதுவது அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்காக.

இந்தக் கருவிக்குள் மின்சுற்றுப் பலகையோ பாதுகாப்பு ஏற்பாடோ எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் பேட்டரியின் மின்சாரம், திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு நேராகப் போகும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் 4.2 வோல்ட் இருக்கும். காயிலின் மின்தடை 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர் ஓடும். அவ்வளவு மின்சாரம் கடக்கிற இடத்தில் மெல்லிய களிம்பு படர்ந்தாலும் அங்கேதான் சூடு பிறக்கும்.

கடையநல்லூர் நண்பர் ஒருவர், வீட்டில் குத்துவிளக்கு துலக்குவதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால், புளியைக் கரைத்துக் குழாயைக் கண்ணாடிபோல் துலக்கி வைத்திருந்தார். “இவ்வளவு பளபளன்னு இருக்கு, பொறவு ஏன் அண்ணாச்சி பொத்தான் சுடுது?” என்று என்னிடம் கொண்டுவந்தார். செய்தித்தாளை விரித்துக் கழற்றிப் பார்த்தேன். அடிமூடியின் மரைப் பள்ளங்களில் பச்சைக் களிம்பும் அதோடு ஒட்டிக் காய்ந்த புளிச்சக்கையும் இருந்தன. பேட்டரி தொடுகிற பித்தளைக் குமிழில் ஒரு கறுப்பு வளையம் விழுந்திருந்தது. புளி பித்தளைக்கு நல்லதுதான்; ஆனால் மரையில் தங்கிவிட்ட புளிப்பு, அடுத்த களிம்புக்குத் தானே வழி செய்துவிடும். வெளிப்புறம் கறுத்திருப்பதால் யாருக்கும் நட்டமில்லை என்பது என் கருத்து. மின்சாரம் கடக்கும் முகங்கள் சுத்தமாக இருந்தால் போதும்.

பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாகத்தையும் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் மரைகளைத் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவிட்ட பிறகே பூட்ட வேண்டும். உப்புத்தாளை நான் கையில் எடுப்பதில்லை; கீறல் விழுந்த முகம் சீக்கிரம் கறுக்கும். மரையில் எண்ணெய் தடவுவதையும் ஏற்கவில்லை, அது தூசியைத்தான் சேர்க்கும். பொத்தானுக்கு அடியிலுள்ள சுருள்வில் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் காயில் அணையாது. அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு துளைகள் பேட்டரி கெட்டுப்போனால் வாயு வெளியேறுவதற்கானவை. அவற்றில் அழுக்கு அடைத்திருந்தால் ஊசியால் குத்தி எடுக்க வேண்டும்.

மேலப்பாளையத்து மைதீன்மார் இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒருவருடைய சட்டைப்பையில் இருந்த கருவி யாரும் தொடாமலேயே சுட ஆரம்பித்தது. பேட்டரியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை ஓரத்தில் கிழிந்திருந்ததுதான் காரணம். பேட்டரியின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. அது குழாயைத் தொட்டாலே பொத்தானை அழுத்தியதற்குச் சமம். உறையில் நகக்கீறல் அளவு கிழிசல் தெரிந்தாலும் அந்தப் பேட்டரியை உள்ளே போடாதீர்கள். புது உறையைப் போட்டுச் சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

மேல்மூடியில் தனி முனை இல்லாத ஹைப்ரிட் வகை வைத்திருப்பவர்கள், கழுவிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் திரவம் ஊற்றும் டேங்கின் நடுமுனை மரையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது உள்வாங்கியிருந்தால் பேட்டரியின் நேர்முனை மரையில் இடித்து நேரடியாக ஷார்ட் ஆகும். டேங்கைக் கழுவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிச்சத் திரவத்தில் உள்ள நிகோட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்.