மறு: டெப்த் ஒஃப் டிஸ்சார்ஜ் – எடுப்பளவு, எடுப்பெல்லை என்று இரண்டு சொல் வேண்டும்

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

பற்றரியிலிருந்து எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு வரை எடுக்கலாம் என்பதைச் சதவீதத்தில் சொல்லும் 'டெப்த் ஒஃப் டிஸ்சார்ஜ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடியதில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. கோவை நண்பர் 'மின்னிறக்க ஆழம்' என்றார். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா 'வடிப்பளவு' என்றார். மட்டக்களப்பு அக்கா 'செலவு வீதம்' என்றார். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லே இரண்டு வேறு விஷயங்களுக்கு ஒரே பெயராக ஓடித் திரிகிறது. அதைத் தமிழிலும் ஒரே சொல்லில் அடைத்தால் குழப்பமும் சேர்ந்தே வந்துவிடும். ஆகவே இரண்டு சொல் வைப்போம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இது அவசரம் என்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடும் சுற்றுலா வான்களில் சிலது இப்போது படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் பூட்டி, உள்ளேயே இரண்டு மூன்று நாள் தங்குகிற மாதிரி வருகிறது. அந்த வயரிங் வேலையைத்தான் நான் செய்கிறேன். வான் வைத்திருப்பவர்கள் லித்தியம் பற்றரி வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைத் தமிழில் ஒரு சிறு கைநூலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற இடங்களில் எப்படியோ தமிழ் ஓடுகிறது. இந்தச் சொல் வரும் பக்கத்தில்தான் நின்றுபோகிறது. ('பற்றரி' என்றே எழுதுகிறேன். பாடநூலின் 'மின்கலவடுக்கு' மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனாலும் கடையில் போய் யாரும் அதைக் கேட்பதில்லை.)

இப்போது அந்த இரண்டு விஷயங்களைப் பார்ப்போம்.

நேற்று இரவு முழுக்கப் பிரிட்ஜும் காற்றாடியும் ஓடின, விடியும்போது நிறைந்திருந்த பற்றரியில் 60 சதவீதம் போய்விட்டது. இந்த 60 ஒரு நிலை. மணிக்கு மணி மாறும். வெயில் ஏறி சோலார் வேலை செய்யத் தொடங்கினால் குறையும்.

பற்றரியின் தகவல் தாளில், 80 சதவீத டெப்த் ஒஃப் டிஸ்சார்ஜில் இத்தனை ஆயிரம் சைக்கிள் (ஒரு முறை ஏற்றி இறக்குவது ஒரு சைக்கிள்) என்று போட்டிருப்பார்கள். இந்த 80 ஒரு வரம்பு. அதற்குள் எடுத்துவந்தால் இவ்வளவு காலம் உழைக்கும் என்ற கணக்கு. அது வெயிலுக்கும் இரவுக்கும் மாறாது.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். படித்தவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். வான்காரரோ, "80 கூடவா குறையவா நல்லது?" என்று கேட்பார். வரம்பு என்றால் கூடினால் நல்லது. நிலை என்றால் கூடினால் பற்றரி காலியாகிக்கொண்டிருக்கிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு எதிர்ப் பதில்களை நான் எப்படிச் சொல்லுவது?

என் பரிந்துரை இது. பற்றரியில் மிச்சமிருப்பதற்கு 'இருப்பளவு'. எடுத்தாகிவிட்டதற்கு 'எடுப்பளவு'. இரண்டையும் கூட்டினால் எப்போதும் நூறு. எவ்வளவு வரை எடுக்கலாம் என்பதற்கு 'எடுப்பெல்லை'.

'இருப்பு' கடைக் கணக்கில் அன்றாடம் புழங்குவது. கையிருப்பு, மிகுதி இருப்பு என்று எல்லோரும் சொல்கிறோம், விளக்கவே தேவையில்லை. 'எடுப்பு' என்றால் 'எடுப்பான சேலை' ஞாபகம் வரும் என்று சிலர் சொல்லக்கூடும். தனியாக நின்றால் வரலாம். ஆனால் வாக்கெடுப்பு, கணக்கெடுப்பு என்று சேர்ந்து நிற்கும் இடத்தில் யாருக்கும் சேலை ஞாபகம் வருவதில்லை. எடுப்பளவு என்பதிலும் அதே 'எடுத்தல்'தான் நிற்கிறது.

எல்லைக்கு ஏன் தனிச்சொல் என்பதைக் கந்தளாய்ப் பக்கத்து ஆக்களுக்கு எளிதாகச் சொல்லலாம். குளத்தில் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே கிடக்கும் தண்ணீரும் குளத்துத் தண்ணீர்தான், ஆனால் வயலுக்கு வராது. லித்தியம் பற்றரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று அந்த மதகு மாதிரி, கலத்தின் வோல்ட் அதிகம் இறங்கினால் மூடிவிடும். பழைய ஈய அமிலப் பற்றரியில் அப்படி மதகு ஒன்றும் இல்லை. கேட்கக் கேட்கத் தந்துகொண்டே இருக்கும், தந்த அளவுக்கு ஆயுள் போகும். அடி வரை எடுத்து இரண்டு கிழமை சார்ஜ் பண்ணாமல் விட்டால் தகட்டில் ஈயச் சல்பேற்று இறுகிப்போய் பிறகு சார்ஜ் ஏறாது. அதனால்தான் ஈயத்துக்கு எடுப்பெல்லை 50 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறோம். லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுக்கு (நான் லித்தியம் என்று சொல்வதெல்லாம் இந்த வகையைத்தான்) 80 தாராளமாக வைக்கலாம். தேவைப்பட்ட நாளில் அதற்கு மேலும் எடுக்கலாம்.

சரி, இந்தச் சொற்களை ஒரு உண்மையான கணக்கில் போட்டுப் பார்ப்போம். சொல் உழைக்குமா என்பது அப்போதுதான் தெரியும்.

கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கிற மாதங்களில் நிலாவெளியில் நிற்கும் ஒரு வான். 45 வாட் பிரிட்ஜ் ஒன்று. குளிர் நாட்டில் அது மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் போதும், நம் சூட்டில் பாதி நேரமாவது ஓடும். 24 மணித்தியாலத்துக்கு 540 வாட்மணி. 25 வாட் காற்றாடி பத்து மணித்தியாலம், 250. லைட், போன் எல்லாமாக 60. மொத்தம் 850 வாட்மணி.

100 அம்பியர்மணி ஈயப் பற்றரி ஒன்றில் இருப்பது 12 வோல்ட்டால் பெருக்கினால் 1200 வாட்மணி. 850 எடுத்தால் எடுப்பளவு 71 சதவீதம். எடுப்பெல்லை 50. தாண்டிவிட்டது. இரண்டு பற்றரி போட்டால் எடுப்பளவு 35, எல்லைக்குள் வரும். ஆனால் ஒன்று கிட்டத்தட்ட 28 கிலோ, இரண்டும் சேர்ந்து ஒரு ஆள் பாரம் வானில் ஏறிவிடும்.

அதே 100 அம்பியர்மணி லித்தியம் என்றால் 12.8 வோல்ட், 1280 வாட்மணி. எடுப்பளவு 66, எடுப்பெல்லை 80. ஒன்றே போதும், பாரம் 12 கிலோ அளவில் நிற்கும். பெட்டியின் மேல் இரண்டிலும் '100' என்றுதான் அச்சடித்திருக்கும். விலையை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல எனக்கு 'எடுப்பெல்லை' என்ற ஒரே சொல் போதுமாக இருந்தது.

இன்னொரு இடத்திலும் இந்தச் சொற்கள் உதவும். ஈயப் பற்றரி வைத்துப் பழகியவர்கள் வோல்ட் மீட்டரைப் பார்த்தே மிச்சம் சொல்லிவிடுவார்கள். ஓய்வில் 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.1 அளவுக்கு வந்தால் பாதி. லித்தியத்தில் அது சரிவராது. முக்கால்வாசி இருக்கும்போதும் கால்வாசி இருக்கும்போதும் வோல்ட்டில் 0.3 அளவு வித்தியாசம்தான். உப்புவெளியில் ஒரு சாரதித் தம்பி மாலையில் மீட்டரைக் காட்டி "13.0 இருக்கு அண்ணே, பயமில்லை" என்றார். சாமத்தில் பிரிட்ஜ், காற்றாடி, லைட் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. மங்கவும் இல்லை, மெதுவாகவும் குறையவில்லை. அடிப்பக்கம் வந்ததும் வோல்ட் சடாரென்று விழும், காப்புச் சுற்று துண்டித்துவிடும், அவ்வளவுதான். பற்றரிக்கு ஒன்றும் ஆகவில்லை, காலையில் வெயில் ஏற எழும்பிவிட்டது. உள்ளே இருந்த மீன்தான் வீண்.

ஆகவே கைநூலில் இப்படி எழுதியிருக்கிறேன்: "லித்தியத்தின் இருப்பளவை வோல்ட் சொல்லாது. உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் வேண்டும்." அந்த மீட்டர் காட்டுவது ஒரு வரவு செலவுக் கணக்கு. இருப்பு, எடுப்பு என்ற சொற்கள் அந்த முகப்பில் அப்படியே பொருந்துகின்றன.

இனி வந்த சொற்களுக்கு என் பதில்.

'மின்னிறக்கம்' நம் பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறது, நல்ல சொல். ஊரிலும் "பற்றரி இறங்கிட்டுது" என்றுதான் கதைக்கிறோம். அதை அந்தச் செயலுக்கே வைத்துக்கொள்வோம். எனக்கு இடிப்பது 'ஆழம்'. நிறைய எடுத்தாலும் தாங்கும் பற்றரியை 'டீப் சைக்கிள்' என்று கடையில் பாராட்டாகச் சொல்லி விற்கிறார்கள். ஆழம் என்றாலே பற்றரியின் ஒரு நல்ல குணம் என்ற எண்ணம் வாங்குபவர் மனதில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. நிலையைக் குறிக்க அதே சொல்லை வைத்தால் மேலே சொன்ன குழப்பம்தான்.

ஆசிரியர் ஐயா, உங்கள் 'வடிப்பு' எனக்கு மிகவும் பிடித்தது. அதை வேறோர் இடத்துக்குக் கேட்கிறேன். வடிதல் என்றால் தானாக நடப்பது. பற்றரியை ஒன்றிலும் கொழுவாமல் வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் அல்லவா, அதற்குத் 'தன்வடிப்பு' என்று வைத்தால் எவ்வளவு பொருத்தம்! லித்தியத்தில் அது மாதத்துக்குச் சில சதவீதம்தான். வாடைக்காலத்தில் வானை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் நம் ஆக்களுக்கு அது முக்கியமான சொல். இருப்பளவும் அங்கே வரும். ஈயப் பற்றரியை நிறைத்து வைக்க வேண்டும், லித்தியத்தைப் பாதி இருப்பில் வைக்க வேண்டும். நிறைந்தபடி சூட்டுக்குள் கிடந்தால் லித்தியம் விரைவாக மூப்படையும். பழைய பழக்கத்தில் நிறைய சார்ஜ் ஏற்றி, தகரக் கொட்டகைக்குள் வானை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

அக்கா, 'செலவு வீதம்' என்பதில் எனக்கு 'வீதம்'தான் தயக்கம். இலங்கையில் ஐம்பது வீதம் என்றால் சதவீதம். பாடநூலில் வீதம் என்றால் வேகமும்தான். எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பது பற்றரியில் தனி விஷயம். ஈயப் பற்றரியின் கொள்ளளவு பெரும்பாலும் 20 மணித்தியாலத்தில் மெதுவாக எடுக்கும் கணக்குத்தான். இன்வெர்ட்டரில் கேத்தலைக் கொழுவி ஒரேயடியாக இழுத்தால் அவ்வளவு தராது. லித்தியத்தில் அந்தக் குறைவு மிகச் சிறியது. அந்த வேகத்துக்கு 'எடுப்பு வேகம்' என்று நேராகவே சொல்லிவிடலாம்.

பி.எம்.எஸ். (பற்றரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், மேலே சொன்ன காப்புச் சுற்றுத்தான்) பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 'மேனேஜ்மென்ட்' என்பதற்கு இந்தியாவில் மேலாண்மை, இங்கே முகாமைத்துவம். இரண்டையும் விட்டுவிட்டு 'மின்கலக் காப்பு' என்று வைப்போம். முகாமைத்துவம் என்றால் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, வான் எஞ்சின் ஓட்டும் மின்பிறப்பாக்கியான ஆல்டர்னேட்டரிலிருந்து நேரே வயரைக் கொழுவிவிடுகிறார்கள். அது காப்பது கலங்களை மட்டும்தான். லித்தியம் விடாமல் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவில் அந்த மின்னோட்டத்தை அளவோடு விடும் டீசி–டீசி சார்ஜர் கட்டாயம். பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது என்பதும் மின்கலக் காப்பின் கீழ் வரும். திருகோணமலையில் யாருக்கும் தேவைப்படாது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் வானில் தங்கும் நம்மவர்கள் இந்தக் குழுவில் இருப்பதால் அந்த வரியையும் சேர்த்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது 'சைக்கிள்'. சுற்று என்றால் மின்சுற்றோடு மோதுகிறது, சக்கரம் என்றால் டயர் ஞாபகம் வருகிறது. 'ஏற்றிறக்கம்' என்று ஒரு யோசனை: ஒரு முறை ஏற்றி ஒரு முறை இறக்குவது, "3000 ஏற்றிறக்கம் உழைக்கும்" என்று எழுதலாம். ஆனால் நீளமாக இருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கே இருக்கிறது. அக்கா, வாழைச்சேனைத் துறையில் படகில் லைட்டுக்கும் மீன் தேடும் கருவிக்கும் பற்றரி வைத்திருப்பவர்கள் உங்களுக்குப் பழக்கம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். எடுப்பளவு, எடுப்பெல்லை, ஏற்றிறக்கம் மூன்றையும் விளக்கம் சொல்லாமல் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். என்ன விளங்குகிறது என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பினால், அதைப் பார்த்துவிட்டுத்தான் கைநூலை அச்சுக்குக் கொடுப்பேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து