ஆச்சி வீட்டுக் குழு: சித்தப்பா ஸ்டூடியோவுக்கு முகம் தேடுற சாப்ட்வேர் வேணுமா?

[இரவு 8:12] சேகர் சித்தப்பா: கார்த்தி, வள்ளி, ரெண்டு பேரும் இதைப் பாருங்க. ஐப்பசியில கல்யாணம் வச்சிருக்க பார்ட்டி ஒண்ணு இன்னைக்கு கடைக்கு வந்தாக. மண்டபத்துல ஒரு கியூஆர் ஒட்டணுமாம். வந்தவுக செல்பி எடுத்துப் போட்டா, அவுகவுக இருக்க படம் மட்டும் அவுக போனுக்கு வரணுமாம். திருநெல்வேலியில செய்யுதாக, நீங்க செய்வீகளான்னு கேட்டாக. ரெண்டு நாள்ல சொல்லுதேன்னு அனுப்பியிருக்கேன்.

[8:15] கார்த்தி: முகத்தை வச்சுப் பிரிக்கிற சாப்ட்வேர் சித்தப்பா. வருஷ சந்தாவும் உண்டு, ஒரு விசேஷத்துக்கு இவ்வளவுன்னும் உண்டு. யோசிக்காம வருஷத்துக்கே போட்டுருங்க.

[8:16] கார்த்தி: இல்லேன்னா கோடாக் பிலிம் கம்பெனி கதைதான். 1975லயே அங்க வேலை பார்த்த ஸ்டீவ் சாசன்ங்கிற இன்ஜினியர் டிஜிட்டல் கேமரா செஞ்சு காட்டிட்டாரு. பிலிம் யாவாரத்தை விட மனசில்லாம இழுத்துக்கிட்டே இருந்து 2012 ஜனவரியில திவால் மனு குடுத்தாங்க. பியூஜியும் பிலிம் கம்பெனிதான், அவனைப் பாருங்க, பிலிம்ல படிச்ச கெமிஸ்ட்ரிய வச்சு முகத்துக்குப் பூசுற கிரீம் வரைக்கும் போயிட்டான்.

[8:18] முத்து அத்தை: சேகரு, நீ கிரீம் விக்கப் போறியா 😂

[8:25] சேகர் சித்தப்பா: இந்தக் கோடாக் கதையை எவன் படிச்சாலும் எனக்குத்தான் அனுப்புதான். கோடாக் பிலிம் வித்தவன், நான் படம் புடிக்கவன். பிலிம் போனதுல அவனுக்கு நட்டம். எனக்கு, ரோலுக்கு 36 படம்தான்னு எண்ணி எண்ணி அமுக்குற பயம் போச்சு, அவ்வளவுதான். நான் தொழில் பழகும்போது கறுப்பு வெள்ளைன்னா ஊட்டி இந்து பிலிம்தான். 1960ல கவர்ன்மெண்ட் ஆரம்பிச்ச கம்பெனி. அதுவும் மூடிப் போச்சு. நான் இன்னைக்கும் காலையில ஒம்பதரைக்கு ஷட்டரத் தூக்குதேன்.

[8:27] சேகர் சித்தப்பா: என் பொழப்புல கை வச்சது கவர்ன்மெண்ட் ஆபீஸ்ல இருக்க சின்ன கேமரா. பாஸ்போர்ட்டுக்கு சேவா கேந்திரத்துலயே எடுத்துக்கிடுதாக. ஆதாருக்கு அங்கனயே. லைசென்சுக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல. முன்ன ஒரு வீட்டுல ஒருத்தருக்கு வேலை கிடைச்சா நம்மகிட்ட மூணு தடவை படம் எடுப்பாக.

[8:31] வள்ளி: அந்த ஆன்லைன்தானப்பா பாதிய திருப்பியும் குடுத்துச்சு. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கு போட்டோ 20 கேபிக்கும் 50 கேபிக்கும் நடுவுல இருக்கணும். பையன் 4 எம்பி செல்பியோட வந்து நிக்கான். அமெரிக்க விசாவுக்கு ரெண்டு இஞ்சுக்கு ரெண்டு இஞ்சு, கண்ணாடி போடக் கூடாது. ஐரோப்பா போற ஷெங்கன் விசாவுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர். கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கெல்லாம் போன் வருது.

[8:33] குமார் அண்ணன் சிங்கப்பூர்: அதுக்கெல்லாம் போன்லயே ஆப் இருக்கே வள்ளி.

[8:34] வள்ளி: இருக்கு அண்ணே. முகத்தை மொழுமொழுன்னு ஆக்கித் தரும். விசாவுக்கு அப்படித் திருத்துன படத்தை ஏத்துக்க மாட்டாங்க. திருப்பி அனுப்புன பிறகு நம்மகிட்டதான் வாராங்க. அதனால ஆப் மேல எனக்குக் கோபமே கிடையாது.

[8:40] ராஜா மாமா: மாப்ள, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கலர் லேப் போட்டாரே ஒருத்தர், ஏசி ரூம், பெரிய மெஷினு. அவரு என்ன ஆனாரு?

[8:46] சேகர் சித்தப்பா: லோன் முடியுறதுக்குள்ள பிலிம் முடிஞ்சு போச்சு அத்தான். நல்ல மனுசன். அவரு மெஷின் வாங்குனப்ப என்னையும் வாங்கச் சொன்னாக. நான் பிலிம் ரோலை மதுரை லேபுக்கு பஸ்ல குடுத்து விட்டு மறுநாள் மேக்ஸி சைஸ் பிரிண்டா வாங்கிக்கிட்டேன். அப்புறம் ஆல்பம் பிரிண்டும் அப்படித்தான். டிசைன் நம்ம வள்ளி, பிரிண்டு வெளிய. மெஷினு பழசானா அது அவுக தலைவலி.

[8:48] கார்த்தி: அப்ப டிரோன் வாங்குற யோசனையும் இல்லையா?

[8:50] வள்ளி: வாடகைக்குக் கூப்பிடுறோம் அண்ணே. 250 கிராமுக்குள்ள இருக்க நானோ டிரோனுக்கு பைலட் சர்டிபிகேட் வேண்டாம். அதுக்கு மேல உள்ளதை தொழிலுக்குப் பறக்க விட்டா வேணும், 2021 டிரோன் விதியில இருக்கு. 2022ல இருந்து வெளிநாட்டு டிரோனை இறக்குமதி பண்ணவும் தடை. ரிப்பேர்னா பார்ட்ஸ் தேடி அலையணும். சர்டிபிகேட் உள்ளவர் வந்து ஊர்வலத்தை மட்டும் எடுத்துட்டுப் போகட்டும்.

[8:52] முத்து அத்தை: போன தைக்கு ஒரு வீட்டுல டிரோன் பந்தல் தோரணத்துல மாட்டிக்கிச்சு. ஐயரு மந்திரத்தை நிப்பாட்டிட்டு மேல பாக்காரு 😂

[8:58] கார்த்தி: சரி, இதைப் பாருங்க. தாத்தா ஆச்சி கல்யாண குரூப் போட்டோ, அந்த மங்கலானது. ஏஐல போட்டேன். ஒரே நிமிஷம்.
[படம்]

[9:01] முத்து அத்தை: இது யாருய்யா

[9:01] கார்த்தி: தாத்தா அத்தை!

[9:02] முத்து அத்தை: எங்க அப்பாவா? சினிமா நடிகர் மாதிரி இருக்காக. அப்பாவுக்கு முன் பல்லு லேசா வெளிய தெரியும். இடது புருவத்துல வெட்டு இருக்கும், கிணத்துல தண்ணி இறைக்கிற கமலைக் கயிறு அடிச்சது. ரெண்டையும் காணோம்.

[9:10] சேகர் சித்தப்பா: அக்கா சரியாச் சொல்லிட்டா. மங்கலா இருக்க இடத்துல என்ன இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. வேற ஆயிரக்கணக்கான முகத்தைப் படிச்சிருக்கு, பொதுவா கண்ணு இப்படி இருக்கும், பல்லு இப்படி இருக்கும்னு புதுசா வரைஞ்சு வச்சிருது. படம் தெளிவாத்தான் இருக்கும். ஆளு வேற.

[9:14] சேகர் சித்தப்பா: எட்டயபுரம் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தாக. வீட்டுக்காரரு தவறிட்டாரு, மாலை போட்டு மாட்ட படம் வேணும். தனியா எடுத்த படமே இல்ல. சொந்தக்காரக் கல்யாண போட்டோவுல மூணாவது வரிசையில நிக்காரு, முகம் சுண்டுவிரல் நகம் அளவு. நாங்களும் முதல்ல ஏஐலதான் போட்டுப் பாத்தோம். அந்த அம்மா வாங்கிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, திருப்பி டேபிள்ல வச்சுட்டாக. அப்புறம் மெதுவா, "இது எங்க வீட்டு ஆளு இல்லைய்யா"ன்னாக.

[9:17] வள்ளி: அதுக்கப்புறம்தான் நாங்க ஒரு முறை வச்சுக்கிட்டோம். கீறல், பூஞ்சை, மடிப்பு, பின்னால இருக்க ஆளுங்களை எடுக்கிறது, சட்டைக்குக் கலர், இதெல்லாம் ஏஐ. முன்ன அப்பா ஒரு நாள் முழுக்க உக்காந்து செய்றது இப்ப ஒரு டீ குடிக்கிற நேரம். முகத்துல மட்டும் அதை விடுறதில்ல. அதை நான் கையாலதான் செய்வேன். அவரு தம்பி, மகன் யாராவது இருந்தா கூட்டிட்டு வரச் சொல்லுவோம், இல்ல ரேஷன் கார்டு, வோட்டர் ஐடில இருக்க படத்தைக் கேப்போம். கொஞ்சம் மங்கலா இருந்தாலும் பரவால்ல, அவரா இருக்கணும்.

[9:19] ராஜா மாமா: அந்த அம்மா படம் என்னாச்சு மாப்ள

[9:21] சேகர் சித்தப்பா: அவுக மகன் மூக்கு அச்சு அசல் அப்பா மூக்கு. அவனை உக்கார வச்சு அதே வெளிச்சத்துல ஒரு படம் எடுத்து, பக்கத்துல வச்சுக்கிட்டு வள்ளி சரி பண்ணுனா. வாங்கிட்டுப் போனாக. அப்புறம் அவுக சித்தி வீட்டுப் பழைய படத்தையும் சரி பண்ணக் கொண்டாந்து குடுத்தாக.

[9:23] கார்த்தி: சரி, ஒத்துக்கிறேன் 🙏 தாத்தா படத்தை வள்ளிக்கே அனுப்புறேன்.

[9:24] வள்ளி: போட்டோவா அனுப்பாதீங்க அண்ணே, வாட்ஸ்அப் சுருக்கிரும். டாக்குமெண்ட்டா போடுங்க. இன்னும் நல்லது, அசல் படத்தையே குடுத்து விடுங்க, நான் ஸ்கேன் பண்ணிக்கிறேன்.

[9:30] குமார் அண்ணன் சிங்கப்பூர்: கியூஆர் விஷயம் என்ன முடிவு சித்தப்பா? இங்க எல்லாம் சாதாரணமா செய்றாங்க.

[9:36] வள்ளி: எனக்கு அதுல ரெண்டு யோசனை. ஒண்ணு, அத்தனை பேரு முகமும் யாரோ ஒரு கம்பெனி சர்வருக்குப் போகுது. குழந்தைங்க முகம் உட்பட. 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்தாச்சு, சம்மதம் கேக்காம செய்யக் கூடாது. ரெண்டாவது, பொம்பளைப் பிள்ளைங்க படம். எவனோ ஒருத்தன் மேடையில இருக்க பொண்ணு படத்தைக் காட்டி ஸ்கேன் பண்ணினா அவ படம் பூரா அவன் போனுக்கு வந்துரும். சில சாப்ட்வேர்ல அப்பவே கேமராவுல செல்பி எடுத்தாத்தான் விடும், சிலதுல கேலரியில இருந்தே போடலாம்.

[9:38] முத்து அத்தை: ஆத்தாடி. அது எவ்வளவு பெரிய சங்கதி. வேண்டாம் சேகரு.

[9:45] சேகர் சித்தப்பா: வேண்டாம்னு சொன்னா அந்தப் பார்ட்டி திருநெல்வேலிக்குப் போயிரும் அக்கா. அடுத்த முகூர்த்தத்துல இன்னும் நாலு பேரு கேப்பாக. செய்வோம். ஆனா வருஷ சந்தா கிடையாது, இந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும். அந்தக் காசு பில்லுல தனி வரியா இருக்கும், அவுக குடுக்கணும். அப்பவே செல்பி எடுக்கற வகை மட்டும். பெண் வீட்டுக்காரக பாத்து சரின்னு சொன்ன படத்தைத்தான் ஏத்துவோம். ஒரு மாசத்துல அழிச்சிரணும். வள்ளி, அழிச்சதுக்கு அந்தக் கம்பெனிக்காரன் ஏதாவது எழுதித் தருவானான்னு நாளைக்கு கேளு.

[9:46] வள்ளி: கேக்குறேன்ப்பா. மண்டப வாசல்ல தமிழ்லயே ஒரு போர்டும் வைக்கணும், வேண்டாங்கிறவங்க நம்மகிட்ட சொல்லுற மாதிரி.

[9:47] கார்த்தி: போர்டு வாசகம் நான் எழுதித் தாரேன்.

[9:52] ராஜா மாமா: மாப்ள, ஒரு கேள்வி. நம்ம கடலை மிட்டாயை ஆன்லைன்ல போடணும்னு பையன் ஒத்தக் கால்ல நிக்கான். 2020ல கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து வெளியூர்ல இருந்து கேக்காக. நான் போன்ல எடுத்தா கவர்தான் மின்னுது, உள்ள கடலையே தெரிய மாட்டேங்கு. பின்னால சுத்த வெள்ளையா இருக்கணுமாம்.

[9:55] சேகர் சித்தப்பா: முன்னால பிளாஷ் போட்டா மின்னத்தான் செய்யும் அத்தான். பக்கத்துல இருந்து லைட்டு, நடுவுல பட்டர் பேப்பர். அஞ்சு நிமிஷ வேலை. பின்பக்கமும் ஒண்ணு எடுக்கணும், எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற உணவு லைசென்ஸ் நம்பரும் சத்துப் பட்டியலும் படிக்கிற மாதிரி. கசங்காத பாக்கெட்டா நாலு எடுத்துக்கிட்டு நாளைக்கு பதினோரு மணிக்கு முன்னாடி வாங்க, அதுக்கப்புறம் எனக்கு காதுகுத்து இருக்கு.

[9:56] ராஜா மாமா: ரேட்டு?

[9:56] சேகர் சித்தப்பா: அத்தானுக்கும் பில்லு உண்டு 😄 பிரிச்ச பாக்கெட்டை கழிச்சுக்கிடுவோம்.