இரண்டு முயல்குட்டியில் ஒன்று இறந்துவிட்டது, மற்றதையாவது சரியாக வளர்க்க வேண்டும்

பாளைக்காரி:
வணக்கம். முயல் வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று போன வாரம் சந்தையில் இரண்டு வெள்ளைக் குட்டிகள் வாங்கினோம், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. விற்றவர் "தண்ணி மட்டும் வைக்காதீங்க, குடிச்சா செத்துரும், கீரையில இருக்குற ஈரமே போதும்" என்றார். அதை நம்பி முட்டைக்கோஸ், கேரட், கொஞ்சம் சோறு என்று கொடுத்தோம். ஐந்தாம் நாள் ஒன்றுக்கு வயிறு உப்பி, தண்ணீராகக் கழிந்து, மறுநாள் காலையில் விறைத்துக் கிடந்தது. மகள் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. மற்றது ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறது. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கம்பிக் கூண்டில் வைத்திருக்கிறோம். நாங்கள் என்ன தப்பு செய்தோம், இனி என்ன செய்ய வேண்டும்?

முயல்வீடு_திருச்சி:
தங்கச்சி, இதைப் படித்ததும் முதலில் எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். தண்ணீர் குடித்தால் முயல் செத்துவிடும் என்பது நம் ஊரில் ஆண்டாண்டாகச் சொல்லிச் சொல்லி எத்தனையோ குட்டிகளைக் கொன்ற பொய். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 மில்லி வரை குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். கவிழாத கனமான மண் கிண்ணமாக இருக்கட்டும்.

உள்ளங்கை அளவு என்றால் அது மூன்று நான்கு வாரக் குட்டி, தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்க வேண்டிய வயது. ஆறு முதல் எட்டு வாரம் தாயுடன் இருந்த குட்டிக்குத்தான் வயிறு ஓரளவு பழகியிருக்கும். சின்னதாக இருந்தால் அழகு என்று நாம் வாங்குகிறோம், அதனால்தான் விற்பவர்களும் சீக்கிரமே பிரித்துவிடுகிறார்கள். முழுத் தப்பும் உங்களுடையது இல்லை.

சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும், அதிலும் குட்டிக்குக் காய்ந்த புல் நல்லது. திமோதி என்று பாக்கெட்டில் விற்கிறார்கள், விலை அதிகம். நான் பிள்ளையார் கோவில் வாசலில் விற்கிற அருகம்புல்லை மொத்தமாக வாங்கிக் கழுவி நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்துக்கொள்கிறேன், ஒன்பது வருடமாக என் முயல்களுக்கு அதுதான். புல்லை அரைத்து மெல்வதில்தான் பல் தேயும், அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். குடல் நிற்காமல் ஓடுவதற்கும் அந்த நார்தான் வேண்டும். முட்டைக்கோஸும் சோறும் வேண்டவே வேண்டாம், குட்டி வயிற்றில் புளித்து வாயு கட்டிவிடும். கேரட் என்பது படத்தில் பார்த்துப் பழகியது, வளர்ந்த முயலுக்கே விரல்நுனி அளவு போதும். கீரை வகை எதையும் மூன்று மாதத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக, ஒரு இலை இரண்டு இலை என்று ஆரம்பியுங்கள்.

பாளைக்காரி:
அக்கா, உடனே தண்ணீர் வைத்தேன். தலையைத் தூக்காமல் குடித்தது, நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் குடித்தது. ஒரு வாரம் முழுக்கத் தாகத்தோடு இருந்திருக்கிறது என்று நினைத்தால் தாங்க முடியவில்லை. இன்னொன்று, இன்று காலையில் அது தன் புழுக்கையைத் தானே தின்றதை மகள் பார்த்திருக்கிறாள், அது பசியினாலா? துணைக்கு வேறொன்று வேண்டும் என்றதும் மாமியார் ஊரில் வயலில் பிடித்த குட்டியைத் தருகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா?

மேல்மலைப்_பண்ணை:
சகோதரி, நான் கொடைக்கானல் மேல்மலையில் இறைச்சிக்காகப் பண்ணை வைத்திருப்பவன், நீங்கள் செல்லமாக வளர்ப்பவர், ஆனாலும் குட்டி சாகிற காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற முயல் இனங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்த மலைக் குளிர் அவற்றுக்கு ஒத்துவரும், முயலுக்குக் குளிர் தாங்கும், வெயில் தாங்காது. அதற்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே சிரமப்படும், 35 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பாளையங்கோட்டை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைப்பது அடுப்பில் வைப்பது போல, இன்றைக்கே கீழே கொண்டுவந்துவிடுங்கள். கீழ்த்தளத்தில் காற்று வருகிற மூலை போதும். ஒரு மண்பானையை ஈரமாக்கிப் படுக்க வைத்தால் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மதியத்தில் தண்ணீர் உறைந்த பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைக்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சாதாரணத் தண்ணீரால் காதை நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள், ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள்.

புழுக்கை தின்பது பசியால் இல்லை. முயல் இரண்டு வகையாகப் போடும். உருண்டையாகக் காய்ந்திருப்பது ஒன்று, சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று இருப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பின்பக்கத்திலிருந்தே வாயால் எடுத்துத் தின்னும், புல்லில் மிச்சமிருக்கிற சத்து அப்போதுதான் சேரும், தடுக்காதீர்கள். தினமும் காலையில் உருண்டைகளைப் பாருங்கள். பெரிதாக, நார் தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது. சிறுத்துப் போனாலோ குறைந்தாலோ ஏதோ சரியில்லை. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கம்பித் தரை மட்டும் இருந்தால் பாதம் புண்ணாகும், பாதி இடத்துக்குப் பலகை போடுங்கள். அப்புறம், பாப்பாவிடம் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். தரையில் உட்கார்ந்தால் அதுவே மடிக்கு வரும். தூக்கும்போது பின்னங்காலைத் தாங்காவிட்டால் உதறுகிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும்.

கால்நடை_மாணவன்:
அக்கா, வயல் குட்டியை வாங்கவே வாங்காதீர்கள். காட்டு முயல் வேறு இனம், கூண்டில் பயத்திலேயே செத்துவிடும், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

இறந்த குட்டிக்கு இருந்தது ரத்தக்கழிச்சலாகவும் இருக்கலாம், காக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் வருவது, ஒன்று முதல் மூன்று மாதக் குட்டிகளைத்தான் அதிகம் தாக்கும். இரண்டும் ஒரே கூண்டில் இருந்ததால் மிச்சமிருப்பதற்கும் தொற்றியிருக்க வாய்ப்பு உண்டு, வெளியே தெரியாது. புழுக்கையில் வெளிவருகிற முட்டை உடனே நோயைப் பரப்பாது, முதிர ஓரிரு நாளாவது ஆகும், அதனால் தினமும் புழுக்கையை அள்ளிவிட்டுக் கூண்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தாலே பாதி வேலை முடிந்தது. மருந்துக் கடையில் கேட்டு எதையும் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான அமாக்சிசிலின் வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து அதுவே கொன்றுவிடும். நாய்க்கு அடிக்கிற ஃபிப்ரோனில் உண்ணி ஸ்பிரேயும் விஷம்தான்.

துணை நிச்சயம் வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம். மூன்று மாதம் தாண்டியதும் ஆணா பெண்ணா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள், கடைக்காரர் சொல்வதை நம்ப முடியாது. சினைக்காலம் 30 நாள்தான், ஈன்ற அன்றே மறுபடியும் சினை பிடிக்கும்.

ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே, நாளைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். இரவு போட்ட புழுக்கையில் கொஞ்சம் சுத்தமான டப்பாவில் எடுத்துப் போனால் அங்கேயே பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள். வெறும் வயிற்றோடு கொண்டுபோகக் கூடாது, கூடையில் புல்லைப் பரப்பி அதன்மேல் உட்கார வையுங்கள், வழியெல்லாம் தின்றுகொண்டே வரட்டும்.