சொம்பால் ஆற்றிய தண்ணீர்

நம்ம பில்டிங் தமிழ் குரூப், அல்சூர், பெங்களூரு

[காலை 5:07] வித்யா (2வது மாடி): யாராவது விழித்திருக்கிறீர்களா? கவினுடைய தொட்டியில் மீன் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

[5:09] லதா அக்கா: பால் வாங்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். பசியாக இருக்குமோ? கொஞ்சம் தீனி போட்டுப் பாரேன்.

[5:09] சுந்தரம் மாமா: தீனி போடாதே! ஒரு துளிகூட வேண்டாம். கரண்ட் எப்போது போச்சு?

[5:10] வித்யா: ராத்திரி ஒன்றரைக்கு மாமா. இன்வர்ட்டரில் ஃபேனும் லைட்டும்தான் ஓடுது. தொட்டி மோட்டார் அதில் இல்லை.

[5:10] சுந்தரம் மாமா: நேற்றுத் தண்ணீர் மாற்றினாயா? மருந்து ஏதாவது ஊற்றினாயா?

[5:11] வித்யா: இரண்டும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாற்றியதுதான்.

[5:11] சுந்தரம் மாமா: எல்லா மீனும் அப்படியா, ஏதாவது ஒன்று சாதாரணமாக இருக்கிறதா? நன்றாகப் பார்த்துச் சொல்லும்மா.

[5:12] வித்யா: நாலு கோல்டுஃபிஷும் மேலே. கப்பிகளும் மேலே. செவுள் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அந்த நீலக் கௌராமி மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

[5:13] சுந்தரம் மாமா: அப்போ ஆக்சிஜன்தான். கௌராமிக்குத் தலைக்குள் தனியாக ஓர் உறுப்பு உண்டு, மேலே வந்து வெளிக்காற்றையே இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் விஷம் என்றால் அதுவும் சேர்ந்து தவித்திருக்கும். சரி, ஒரு சொம்பு எடு.

[5:13] வித்யா: சொம்பா?

[5:14] சுந்தரம் மாமா: சொம்புதான். மூடியைக் கழற்று. தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து மெல்லிய தாரையாகத் திரும்ப ஊற்று. காபி ஆற்றுவாயே, அதே மாதிரி. மீன் தலையில் ஊற்றாதே, ஒரு மூலையாகப் பார்த்து ஊற்று. கை வலித்தாலும் நிறுத்தாதே.

[5:15] பிரவீன் (3வது மாடி): குட் மார்னிங் அங்கிள். ஃப்ரிட்ஜில் ஐஸ் இருக்கிறது, கொண்டுவந்து போடலாமா? குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் நிற்கும் என்று படித்திருக்கிறேன்.

[5:16] சுந்தரம் மாமா: படித்தது சரி, செய்ய நினைப்பது தப்பு. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதற்காக ஐஸை நேராகப் போட்டால் திடீர்க் குளிரிலேயே மீன் சுருண்டுவிடும். ஒரு டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் படும்படி திருப்பி வைத்தால் போதும், தானாக ஓரிரண்டு டிகிரி இறங்கும்.

[5:17] சுந்தரம் மாமா: இன்னொன்று. நாம் இருப்பது கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே. காற்றழுத்தம் குறைவு, அதனால் அந்த ஏழரையிலும் பத்தில் ஒரு பங்கு இங்கே குறைந்துவிடும்.

[5:18] பிரவீன்: கிளைமேட் நல்லா இருக்கும் என்றுதானே அங்கிள் இந்த ஊருக்கு வந்தோம் 😅 சரி, என்னிடம் யூஎஸ்பியில் ஓடும் குட்டி ஏர் பம்ப் ஒன்று இருக்கிறது. பவர் பேங்கோடு இறங்கி வருகிறேன்.

[5:18] சுந்தரம் மாமா: அதைச் சொல்லு முதலில்! ஓடி வா.

[5:20] லதா அக்கா: நான் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவரட்டுமா? நம்ம போர் தண்ணீர்தானே, குளோரின்கூட இருக்காது.

[5:22] சுந்தரம் மாமா: கொண்டு வா, ஆனால் அப்படியே ஊற்றிவிடாதே. பூமிக்கடியில் காற்றே படாமல் கிடந்த தண்ணீர் அது, அதிலேயே ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும். ஒரு பக்கெட்டிலிருந்து இன்னொரு பக்கெட்டுக்கு ஏழெட்டுத் தடவை மாற்றி மாற்றி ஊற்று. தொட்டித் தண்ணீர் அளவுக்கு வெதுவெதுப்பு இருக்கிறதா என்று கை விட்டுப் பார். அப்புறம் தொட்டியில் கால் பங்கு எடுத்துவிட்டு அதை ஊற்றலாம்.

[5:23] லதா அக்கா: விடிந்தும் விடியாமல் எல்லாரையும் ஆற்ற வைத்துவிட்டீர்கள். என் வீட்டில் டிகாக்‌ஷன் ஆறிக்கொண்டிருக்கிறது.

[5:31] வித்யா: பிரவீன் வந்துவிட்டான், பம்ப் ஓடுது. மாமா, தண்ணீர் மேல் பளபளவென்று ஆடை மாதிரி ஏதோ மிதக்கிறது.

[5:32] சுந்தரம் மாமா: நினைத்தேன். டிஷ்யூ பேப்பரை மேலே விரித்து, அப்படியே ஓரமாக இழுத்து எடு. அந்தப் படலம் காற்றைத் தண்ணீருக்குள் இறங்க விடாது. குமிழியிலிருந்து ஆக்சிஜன் போகிறது என்று நினைக்கிறோம், அது கொஞ்சம்தான். குமிழி மேலே வந்து உடைந்து தண்ணீரைக் கலைக்கிறதே, அங்கேதான் வேலை நடக்கிறது.

[5:36] வித்யா: எடுத்துவிட்டேன். கீழே கூழாங்கல்லில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படிந்திருக்கிறது. ஐயோ, நேற்று கவின் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி தீனி போட்டார்கள். நான்தான் கேக் வெட்டும் அவசரத்தில் கவனிக்கவில்லை.

[5:37] சுந்தரம் மாமா: ஓஹோ. மிச்சத் தீனி அழுகும்போது கிருமிகள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். செடி வேறு வைத்திருக்கிறாய். வெளிச்சம் இருந்தால் கொடுக்கும், ராத்திரி அதுவும் மீனோடு பங்குக்கு நிற்கும். அதனால்தான் விடியற்காலையில் இப்படி ஆகிறது. டியூப் வைத்து அந்தப் பஞ்சை உறிஞ்சி எடுத்துவிடு, கால் பங்கு தண்ணீர் அதோடேயே போய்விடும்.

[5:39] லதா அக்கா: 2016 மார்ச்சில் நம்ம ஏரியில் மீன் செத்துக் கரை ஒதுங்கியதே, ஞாபகம் இருக்கா? இந்தத் தெரு வரைக்கும் நாற்றம்.

[5:40] சுந்தரம் மாமா: மறக்க முடியுமா. அங்கே சாக்கடை, இங்கே பிறந்தநாள் தீனி. மற்றபடி ஒரே கதைதான்.

[6:02] ராஜம்மா ஆன்ட்டி: 🌸 இனிய காலை வணக்கம் 🌸

[6:03] லதா அக்கா: வணக்கம் ஆன்ட்டி. இங்கே எமர்ஜென்சி ஓடிக்கொண்டிருக்கிறது.

[6:20] வித்யா: கப்பிகள் கீழே இறங்கிவிட்டன! கோல்டுஃபிஷ் மூன்று நடுவில் நீந்துகின்றன. பெரியது, கவின் லட்டு என்று கூப்பிடுவானே, அது மட்டும் இன்னும் மேலேயே நிற்கிறது.

[6:21] சுந்தரம் மாமா: பெரிய உடம்பு, தேவையும் அதிகம். பம்ப் பக்கத்தில் நிற்கிறதா? நிற்கட்டும், தொந்தரவு பண்ணாதே.

[6:44] வித்யா: கரண்ட் வந்துவிட்டது!!

[6:44] சுந்தரம் மாமா: ஃபில்டரை உடனே போடாதே! அதற்குள் தண்ணீர் ஐந்து மணி நேரமாகத் தேங்கிக் கிடக்கிறது. போட்டால் அந்த அழுக்கு முழுவதும் தொட்டிக்குள் வரும். ஸ்பாஞ்சை எடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிட்டுப் போடு. குழாயில் கழுவாதே, நல்ல பாக்டீரியா போய்விடும்.

[7:05] வித்யா: போட்டாச்சு. லட்டுவும் கீழே வந்துவிட்டது மாமா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

[7:06] சுந்தரம் மாமா: இரண்டு நாள் தீனி போடாமல் இரு, அது போதும். அந்தத் தொட்டி இரண்டடி, ஐம்பது லிட்டர் பிடித்தாலே பெரிசு. நாலு கோல்டுஃபிஷ் ரொம்ப அதிகம். இரண்டை யாருக்காவது கொடுத்துவிடு.

[7:06] லதா அக்கா: என்னைப் பார்க்காதீர்கள்.

[7:08] பிரவீன்: அக்கா, பம்ப் அங்கேயே இருக்கட்டும். பவர் பேங்க் மட்டும் வேண்டும், 9 மணிக்கு ஆபீஸ் கிளம்பணும்.

[7:15] வித்யா: தருகிறேன் பிரவீன். கவின் எழுந்துவிட்டான். ஹால் முழுக்க ஏன் தண்ணீர், தன் டேபிள் ஃபேன் ஏன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கிறான்.