திரைப்படப் படிப்புக்குத் திறமை அடிப்படையில் உதவித்தொகை: எங்கே தேடுவது? (அவசரம்)

மூன்றாம்மணி
என் தங்கை திரைப்படம் படிக்க விரும்புகிறாள். மதிப்பெண் சுமார்தான். ஆனால் கையில் திறமை இருக்கிறது, பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று வாரமாக உதவித்தொகை தேடித் தரும் தளங்களிலேயே கிடக்கிறேன். 'திரைப்படம்' என்று போட்டால் நாற்பது ஐம்பது வந்து விழுகின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ஒன்றுக்கும் நாங்கள் பொருந்தவில்லை. கடைசித் தேதி நெருங்குகிறது. திறமைக்கு மட்டுமே பணம் தரும் இடங்களின் பெயரைச் சொன்னால் போதும்.

படச்சுருள்
எந்த நாடு? இளங்கலையா, முதுகலையா?

ஓரத்து இருக்கை
குடியுரிமையும் சொல்லுங்கள். இயக்கமா, ஒளிப்பதிவா, அனிமேஷனா? கடைசித் தேதி சேர்க்கைக்கா, உதவித்தொகைக்கா? இரண்டும் ஒன்றல்ல.

கணக்குப்பிள்ளை
இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறை இங்கே வருகிறது. மருந்துக்கடையில் போய் நின்று "ஒரு மாத்திரை கொடுங்கள்" என்பது போல. யாருக்கு என்ன நோய் என்று சொல்லாமல் எந்த மாத்திரையைக் கேட்கிறீர்கள்? பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

தூரிகை
அவர் எப்போதும் இப்படித்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். என் வாக்கு போட்டிகளுக்கே. அமெரிக்காவில் யங்ஆர்ட்ஸ் 1981 முதல் இருக்கிறது, திரைப்படத்துக்குத் தனிப் பிரிவே உண்டு. ஸ்காலஸ்டிக் கலை, எழுத்து விருதுகள் 1923 முதல் நடக்கின்றன. அங்கே பரிசு வாங்கியவரைக் கல்லூரிகள் தேடி வரும்.

ஓரத்து இருக்கை
யங்ஆர்ட்ஸுக்கு அமெரிக்கக் குடியுரிமை, நிரந்தர வசிப்புரிமை, இல்லையென்றால் அங்கே சட்டப்படி வருமானம் பெறும் தகுதி வேண்டும். ஸ்காலஸ்டிக், பள்ளியில் படிக்கும் காலத்திலேயே போட வேண்டியது. கேட்டவர் இன்னும் நாட்டையே சொல்லவில்லை, தூரிகை.

மூன்றாம்மணி
மன்னிக்கவும், சொல்லிவிட்டேன் என்றே நினைத்தேன். அமெரிக்கா. இளங்கலை, இயக்கம். அந்நாட்டுக் குடியுரிமை இல்லை, மாணவர் விசாவில்தான் போக வேண்டும். சேர்க்கைக்குப் பதினொரு நாள் இருக்கிறது.

படச்சுருள்
இப்போது பேசலாம். தேடல் தளங்களை மூடிவிடுங்கள். அவற்றில் வருபவை பெரும்பாலும் சிறு தொகைகள், அதிலும் பாதி அந்நாட்டவருக்கு மட்டும். பெரிய பணம் கல்லூரியின் கையிலேயே இருக்கிறது. பல கலைக் கல்லூரிகள் சேர்க்கைக்கு அனுப்பும் அதே படைப்புத் தொகுப்பை வைத்துத்தான் திறமை உதவித்தொகையையும் முடிவு செய்கின்றன. தனி விண்ணப்பமே இருக்காது. சில இடங்களில் தனிப் படிவம் உண்டு, அதன் தேதி சேர்க்கைத் தேதிக்கு முன்பே முடிந்துவிடும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

இன்றே ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கும் நாலு வரி எழுதுங்கள்: வெளிநாட்டு மாணவருக்கும் உண்டா? தனிப் படிவம் உண்டா? நான்கு ஆண்டுக்குமா, முதலாண்டுக்கு மட்டுமா? தொடர்ந்து கிடைக்க என்ன மதிப்பெண் வைத்திருக்க வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இரண்டாம் ஆண்டில் பணம் நின்ற பிறகு அழுகிறார்கள்.

அரசின் கல்வி நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவம் உங்களுக்கு இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியைச் சில கல்லூரிகள் வெளிநாட்டவருக்கும் தருகின்றன. அதற்கு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்னும் குடும்ப நிதி விவரப் படிவம் கேட்பார்கள். திறமைக்கு மட்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் அதையும் பாருங்கள்.

தொலைநோக்கி
எதற்கு அமெரிக்கா? செக் நாட்டின் பிராகில் ஃபாமு என்னும் திரைப்படக் கல்லூரி இருக்கிறது, 1946இல் தொடங்கியது. செக் மொழியில் படித்தால் அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் எந்த நாட்டவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. உதவித்தொகைக்கு அலையவே வேண்டாம்.

ஓரத்து இருக்கை
பதினொரு நாளில் செக் மொழி கற்றுத் தருகிறீர்களா?

தொலைநோக்கி
அடுத்த ஆண்டுக்குச் சொன்னேன்.

சன்னலோரம்
சில ஆண்டுகள் ஒரு கல்லூரியில் தொகுப்புகளைப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். உங்கள் தங்கை எதை அனுப்பப் போகிறார்?

மூன்றாம்மணி
மூன்று நிமிட ஷோரீல். இதுவரை எடுத்தவற்றில் நல்ல ஷாட்டுகளாகப் பொறுக்கி, புகழ்பெற்ற ஒரு சினிமாப் பாட்டுக்கு வெட்டியிருக்கிறாள். அசத்தலாக இருக்கிறது. இன்னொன்று: 75 டாலர் கட்டினால் உதவித்தொகை உறுதி என்று ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கட்டலாமா?

சன்னலோரம்
பாட்டை எடுத்துவிடுங்கள். உரிமை ஒரு சிக்கல். அதைவிடப் பெரிது, ஒலியை அணைத்துப் பார்த்தால் அந்த அசத்தலில் எவ்வளவு மிஞ்சும் என்பது. நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். இயக்கத்துக்கு ஷோரீல் வேண்டாம், முழுதாக ஒரு சிறு படம் போதும். எனக்கு இன்னும் நினைவிருப்பது நாலு நிமிடப் படம் ஒன்று: ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடி தேடுகிறார், அவ்வளவுதான். கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருப்பது நமக்கு முதல் ஷாட்டிலேயே தெரியும். வெளிச்சம் மோசம், ஒலி இரைச்சல். ஆனால் எங்கே வெட்ட வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆண்டு எங்கள் குழுவில் யாரும் மறுக்காத ஒரே பெயர் அவளுடையது.

கூட்டாக எடுத்த படமென்றால் தன் பங்கு எது என்பதை அவர் ஒரு வரியில் எழுத வேண்டும்.

கணக்குப்பிள்ளை
75 டாலர் பச்சை மோசடி. உதவித்தொகைக்குப் பணம் கேட்டாலே மோசடிதான். இதில் விவாதமே இல்லை.

தூரிகை
அப்படியானால் நான் சொன்ன இரண்டு போட்டிகளும் மோசடியா? இரண்டிலும் நுழைவுக் கட்டணம் உண்டு, வசதி இல்லாதவர்களுக்குத் தள்ளுபடியும் உண்டு.

கணக்குப்பிள்ளை
போட்டி வேறு, உதவித்தொகை வேறு. தமிழ் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

தூரிகை
கல்லூரி விண்ணப்பக் கட்டணம்? அதுவும் மோசடியா?

கணக்குப்பிள்ளை
வம்புக்கு இழுக்காதீர்கள்.

படச்சுருள்
இருவரும் நிறுத்துங்கள். கட்டணம் இருப்பதல்ல அடையாளம், 'உறுதி' என்ற சொல்தான். அந்தச் சொல்லைக் குறித்து அமெரிக்க வர்த்தக ஆணையமும் எச்சரிக்கிறது. நடுவர் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் எதையும் யாரும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. மூன்றாம்மணி, கட்டாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்விக் கட்டணத்துக்குப் போகும் பகுதிக்கு அங்கே வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதிக்கு உண்டு. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வழக்கமாக 14 சதவீதம் பிடிப்பார்கள். கணக்குப் போடும்போது முழுத்தொகையையும் கையில் வருவதாக எண்ண வேண்டாம்.

ஓரத்து இருக்கை
முதல் பதிவிலேயே இப்படிப் பேசியிருக்கலாமே ஐயா.

மூன்றாம்மணி
இரண்டு கல்லூரிகளிடமிருந்து பதில் வந்தது. ஒன்றில் தனிப் படிவம் இல்லையாம், தொகுப்பே போதுமாம். இன்னொன்றில் உதவித்தொகைத் தேதி போன மாதமே முடிந்துவிட்டது. பாட்டை எடுத்தோம், பாதி ரீல் அதோடு போய்விட்டது. பழைய குறும்படம் ஒன்றைத் திரும்ப வெட்டிக்கொண்டிருக்கிறாள். எல்லோருக்கும் நன்றி.

சன்னலோரம்
அனுப்பும் முன் ஒலியை அணைத்து ஒருமுறை பாருங்கள்.

தூரிகை
என்ன ஆயிற்று? கிடைத்ததா?

தூரிகை
மூன்றாம்மணி?

புதுவரவு
எனக்கும் இதே பிரச்சினை. ஓவியம். அவசரம். பெயர் மட்டும் சொன்னால் போதும்.

கணக்குப்பிள்ளை
எந்த நாடு?